பேசக் கூடாத ஒரு மணி நேரம்

என் கழுத்துக் கட்டியை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, எனக்குச் சவரம் செய்கிறவர். செஞ்சி கடைத்தெருவில் அவர் கடை. ஒருநாள் கத்தியை நிறுத்திவிட்டு, "அண்ணே, இங்க ஒரு கட்டி இருக்குது. போன மாசம் இல்ல" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதது என் பழைய வழக்கம். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்த டாக்டர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சளிக்கட்டி என்று மாத்திரை எழுதினார். அடுத்த வாரமும் அதே மாத்திரையை எழுதினார். படித்தவருக்கும் சவரக் கத்திக்காரருக்கும் இருந்த வித்தியாசம், இவர் தொட்டுப் பார்த்தார், அவர் பார்க்கவில்லை என்பதுதான்.

நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபத்தெட்டு வருடமாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை எதுவானாலும் என்னிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுதி முடித்த பத்திரத்தை, எழுதிக் கொடுப்பவரையும் வாங்குபவரையும் எதிரில் உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்துக் காட்டுவேன். அதன் பிறகுதான் கையெழுத்து, அல்லது பெருவிரல் ரேகை. பக்கத்து மேசைக்காரர்கள் படிப்பதில்லை. 'அவசரத்தில் இருக்கிறார்கள்' என்பார்கள். பத்து வருடம் கழித்து அதே ஆட்கள் கோர்ட் வாசலில் நிற்கும்போது அவர்களுக்கு எந்த அவசரமும் இருப்பதில்லை. மற்ற மேசைகளைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயத்தை நான் மறைத்ததே கிடையாது. அதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். லிம்ஃபோமா என்றார்கள். உடம்பில் ரத்தம் ஓடுவதுபோல நிணநீர் என்று ஒன்று ஓடுகிறதாம். அது தங்கிப் போகிற முடிச்சுகளில் வருகிற புற்றுநோய். சொன்ன டாக்டருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் அவர் சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பயம்தான். என் மனைவி சரோஜா மட்டும், "குணமாவுமா, ஆவாதா, அத மொதல்ல சொல்லுங்க சார்" என்றாள். "பெரும்பாலும் ஆவும்மா. எங்கெங்க பரவி இருக்குதுன்னு பெட் சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்" என்றார் அவர்.

அந்த ஸ்கேனைப் பற்றிச் செஞ்சியில் எனக்கு வந்த விளக்கங்களைத் தனியாகவே எழுதலாம். ஊரில் ஒருவர் வாய்க்கும் பூட்டு இல்லை. சர்க்கரையில் மருந்து கலந்து ஊசி போடுவார்கள், புற்றுநோய் அதைத் தின்னும், தின்கிற இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும் என்று எவனோ போனில் அனுப்பியிருக்கிறான். அதைப் படித்துவிட்டு என் மைத்துனர் வல்லத்திலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தார். "அதுக்குத் தீனியே சக்கரதான் மாமா. தீனிய நிறுத்துனா தன்னால செத்துடும்." அவருக்குச் சர்க்கரை நோய், தினமும் மூன்று வேளை இனிப்பு டீ குடிக்கிறவர். அன்றைக்கும் எங்கள் வீட்டில் குடித்துவிட்டுத்தான் டப்பாவைப் பரணில் ஏற்றினார்.

உண்மையில் அது எப்படி என்பதை அந்த ஸ்கேன் பிரிவின் டாக்டரம்மாதான் விளக்கினார். கண்ணாடி போட்ட, வேகமாகப் பேசுகிற பெண். மருத்துவமனையில் என்னை ஒரு மனிதனாக நினைத்துப் பேசியவர்களில் அவர் ஒருவர். அந்த மெஷினுக்குப் புற்றுநோய் எது, மற்றது எது என்று தெரியாதாம். கதிர் வீசுகிற சர்க்கரையை உடம்பில் எந்த இடம் அதிகமாக எடுத்துக்கொள்கிறது என்பது மட்டும்தான் தெரியும். மூளை எப்போதும் எடுத்துக்கொள்ளும், அதனால் அது ஒளிரும். இதயம் ஒளிரலாம். புண் இருந்தால் அதுவும் ஒளிரும். வேலை செய்த தசையும் ஒளிரும். கூடவே எடுக்கிற சிடி படம், ஒளிர்வது உடம்பின் எந்த இடம் என்று காட்டும். "அதனாலதான் ஊசி போட்டதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் அசையாம, பேசாம படுத்திருக்கணும். முந்தின நாளே சோறு, இட்லி எல்லாம் நிறுத்திடணும். உடம்பு சும்மா இருந்தாத்தான் நோய் எதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்த தவறு என்று பிற்பாடு நான் சொல்லிக்கொள்ள முடியாது.

முதல் ஸ்கேன் அன்று பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தில் கழுத்தும் நெஞ்சும் ஒளிர்ந்தன, மற்ற இடமெல்லாம் சுத்தம். ஆறு சுற்று மருந்து ஏற்றினார்கள். முடி போனது, நாக்கில் ருசி போனது. ஏலம் விடுவது போலப் படித்துக்கொண்டிருந்த குரல் மட்டும் போகவில்லை. சரோஜா ஒவ்வொரு சுற்றுக்கும் செஞ்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி என்னோடு வந்தாள். காத்திருப்பு அறையில் எனக்கு ஜன்னல் பக்க நாற்காலியைப் பிடித்துவிட்டுத் தான் நின்றுகொண்டே இருப்பாள். உட்காரச் சொன்னால், "நீங்க வாயாடறதுக்கு ஆள் தேடுவீங்க, எனக்கு எதுக்கு" என்பாள். அங்கே சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளின் தமிழ் ஒவ்வொன்றையும் நான் அவளுக்குத் திருத்திச் சொன்னேன். 'நோயாளிகள் தங்களது காலணிகளை இங்கே விட்டொழிக்கவும்' என்று ஒன்று. ஆறு சுற்றும் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தேன்.

மருந்து முடிந்து இரண்டாவது ஸ்கேன். இதுதான் தீர்ப்பு. நோய் போயிருந்தால் வீட்டுக்குப் போகலாம். எங்காவது மிச்சம் இருந்தால் இதைவிடக் கடுமையான மருந்து, மாதக்கணக்கில் படுக்கை. முந்தின நாள் சரோஜா முட்டையும் கீரையும் மட்டும் கொடுத்தாள். காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஊசி மருந்து சென்னையிலிருந்து வேனில் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் அதன் வீரியம் பாதியாகிவிடும் என்பதால் அந்த வேனுக்காக எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கட்டடத்தில் சொன்ன நேரத்துக்கு வருவது அந்த வேன் ஒன்றுதான்.

ஊசி போட்டு உள்ளே அனுப்பினார்கள். தடித்த சுவர், கனத்த கதவு, இரண்டு சாய்வு நாற்காலிகள். கூட வந்தவர்கள் உள்ளே வரக் கூடாது. நர்ஸும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேமராவில்தான் பார்ப்பாள். அதில் படம் தெரியும், சத்தம் கேட்காது. பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா படுத்திருந்தார். அறுபது வயதிருக்கும். கையில் பின் போட்ட தாள்களைச் சுருட்டி வைத்திருந்தார். பெருவிரலில் நீல மை.

ரேகை மையைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இன்னா பேப்பரும்மா அது?"

"தெரியல ஐயா. ரேக வச்சாத்தான் படம் எடுப்பாங்களோ இன்னாவோன்னு வச்சிட்டேன். இது நகலாம், என்னாண்டயே வச்சிக்கச் சொன்னாங்க."

"யாரும் படிச்சுக் காட்டலியா?"

"யாரு படிச்சுக் காட்டப் போறாங்க" என்று சிரித்தார். பெயர் பச்சையம்மா, சிங்கவரம் பக்கம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஆள். நானும் என் தொழிலையும் மேசை இருக்கிற இடத்தையும் சொன்னேன்.

தாளை வாங்கிப் பார்த்தேன். சிகிச்சைக்கான தாளே இல்லை அது. ஆராய்ச்சிக்கான ஒப்புதல். 'தங்களின் பிம்பங்கள் வளர்சிதை மாற்ற ஆய்வின் நிமித்தம் பங்கிடப்படலாகும்' என்று ஒரு வரி. எழுதியவனைப் பிடித்து என் மேசையில் ஒரு வாரம் உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்தேன். விஷயம் இவ்வளவுதான்: பச்சையம்மாவுக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. அவர் உடம்பில் கல்லீரலும் தசையும் சர்க்கரையை எப்படிச் செலவழிக்கின்றன என்று இந்தப் படத்தை வைத்தே ஆராய்வார்கள், கூடுதலாகக் கொஞ்சம் ரத்தமும் எடுப்பார்கள். கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. சம்மதிக்காவிட்டாலும் சிகிச்சை அப்படியே தொடரும்.

அந்த வரியைத்தான் அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. படிக்காமல் ரேகை வாங்குகிறவர்களை என் தெருவில் பார்த்துப் பார்த்துக் கசந்தவன் நான். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களும் அதே கூட்டம்தான் என்று நினைத்தேன். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். என் வழக்கப்படி, அடுத்த மேசைக்குக் கேட்கிற குரலில். ஒவ்வொரு வரியையும் படித்து, அதைத் தமிழாக்கி, மறுபடி படித்தேன். மூன்று பக்கம். கேமராவில் பார்த்தவளுக்கு ஒரு பெரியவர் அமைதியாகப் பேப்பர் படிப்பது போலத்தான் தெரிந்திருக்கும். பேசக் கூடாது என்பது எனக்கு நினைவிருந்ததா என்றால், இருந்தது. அது மற்ற நோயாளிகளுக்கு, வெட்டிப் பேச்சுப் பேசுகிறவர்களுக்கு என்று எனக்குள்ளே ஒரு சமாதானமும் இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பச்சையம்மா சொன்னார்: "அவ்ளோதானா. எடுத்துக்கட்டுமே, நாலு பேருக்கு ஒதவுனா சரி. ஆனா கேட்டுட்டு எடுத்திருக்கலாம் இல்ல?"

நான்கு நாள் கழித்து அந்த இளம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கழுத்து முடிச்சு போய்விட்டது, நெஞ்சிலும் இல்லை. சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்.

"குரல்வளையில புதுசா ஒளி தெரியுது. ரெண்டு பக்கமும். இடது பக்கம் ஜாஸ்தி" என்றார். "ஸ்கேனுக்கு முன்னாடி, அந்த ஒரு மணி நேரத்துல, ஏதாச்சும் பேசுனீங்களா?"

"இல்லை" என்றேன்.

அந்தப் பொய்யை நான் ஏன் சொன்னேன் என்று இன்றுவரை பல காரணங்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். தங்கள் குறையை நோயாளி தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பேசியதெல்லாம் படத்தில் தெரியுமா என்ற அலட்சியமும் இருந்தது. இவையெல்லாம் பூச்சு. விஷயம் என்னவென்றால், எங்கள் தெருவில் ஒரு எழுத்துப் பிழைக்காக மற்றவனைச் சந்தி சிரிக்க வைக்கிறவன் நான். ஒரு சின்னப் பையன் முன்னால், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் நன்றாக அசைகின்றன, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். "ஆனாலும் ஸ்கேன்ல காட்டுது. நீங்க பேசவும் இல்லன்னு சொல்றீங்க. அதனால மயக்கம் கொடுத்துச் சின்னதா ஒரு துண்டு எடுத்துப் பாத்துடலாம். கொரல் கொஞ்ச நாளைக்குக் கரகரன்னு இருக்கலாம். சில பேருக்கு அந்தக் கரகரப்பு அப்படியே தங்கிடறதும் உண்டு." தேதி குறித்துக் கொடுத்தார்.

குரல் போனால் என் மேசையில் மிச்சம் இருப்பது ஒரு பேனாதான். அது செஞ்சியில் எல்லா மேசையிலும் இருக்கிறது. அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் பேசுவதையே நிறுத்திவிட்டேன். புதுப் புற்றுநோய் தொண்டையில் வந்துவிட்டது என்று நானே நம்பவும் ஆரம்பித்திருந்தேன். சரோஜா ரசத்தை ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள். சுடுசோறு தொண்டைக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மைத்துனர் வந்து, தேன் குடித்தால் குரல்வளை சுத்தமாகும் என்றார். சர்க்கரை டப்பாவைப் பரணில் ஏற்றிய அதே கையால் தேன் பாட்டிலை நீட்டினார்.

துண்டு எடுப்பதற்கு இரண்டு நாள் இருந்தபோது, மேசையைப் பூட்டி வைக்கலாம் என்று சார்பதிவாளர் அலுவலகப் பக்கம் போனேன். சரோஜாவும் கூட வந்தாள். அங்கே பச்சையம்மா எனக்காகக் காத்திருந்தார். மடியில் ஒரு பை வேர்க்கடலை.

"ஒங்க மேச எதுன்னு கேட்டுக்கிட்டே வந்தேன் ஐயா. எனக்கு நல்லபடியா வந்திருக்குது. ஒங்களுக்கு இன்னா சொன்னாங்க?"

சரோஜா சொன்னாள், தொண்டையில் ஏதோ தெரிகிறதாம், வெட்டி எடுக்கப் போகிறார்கள் என்று.

பச்சையம்மா முகம் வாடிப்போனது. "அடப் பாவமே. அன்னிக்கு ஒரு மணி நேரம் எனக்காகத் தொண்டத் தண்ணி வத்தப் படிச்சாரும்மா. மூணு பக்கம். நிறுத்தவே இல்ல."

சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வையை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

"அந்த ஒரு மணி நேரத்துலியா?" என்றாள்.

"படிச்சேன்" என்றேன்.

"டாக்டரு கேட்டப்ப இல்லன்னீங்க."

"ஆமா."

"ஊர்ல எவன் பொய் எழுதுனாலும் அவன் குலத்தயே இழுப்பீங்க. சொந்தக் கழுத்த அறுக்க வரப்போ ஒரு உண்மயச் சொல்ல வாய் வரல." அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த பஸ்ஸில் என்னை ஏற்றினாள். திண்டிவனம் வரை பச்சையம்மா கொடுத்த கடலையை உடைத்து உடைத்துத் தானே தின்றாள், எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

ஸ்கேன் பிரிவு டாக்டரம்மா முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ரேகை, தாள், மூன்று பக்கம், நான் சொன்ன பொய். அவர் முதலில் என்னைத் திட்டினார். எனக்கு அந்தத் திட்டு வேண்டியிருந்தது. பிறகு படத்தைத் திறந்து காட்டினார். தொண்டையில் இரண்டு சின்ன ஒளிக் கீற்றுகள். பேசும்போது குரல் நாண்களை இழுத்துப் பிடிக்கிற தசைகள் அவை. ஒரு மணி நேரம் உரக்கப் படித்ததால் சர்க்கரையை அள்ளித் தின்றிருக்கின்றன. "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் இல்ல. இப்பவும் நான் சும்மா நம்பிட மாட்டேன். துண்டு எடுக்கறத நிறுத்தி வைக்கச் சொல்றேன். கொஞ்ச வாரம் கழிச்சுக் கழுத்து மட்டும் எடுப்போம்" என்றார். சற்றுப் பொறுத்து, "படிக்காம ரேக வாங்குனாங்கன்னு சொன்னீங்களே, அதுவும் எனக்குத் தெரியாது" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மூன்றாவது முறை அந்த அறையில் தனியாகத்தான் படுத்திருந்தேன். எதிர்ச் சுவரில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: 'இங்கே வாய் திறப்பது முற்றிலுமாகத் தடுக்கப்படுகின்றது.' அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் கிடந்தேன். பல்லைக் கடித்தால் தாடைத் தசையும் ஒளிருமே என்று பயந்து அதையும் செய்யவில்லை.

மறுநாள் டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். போன தடவை எடுத்ததில் இரண்டு கீற்றுகள். இந்தத் தடவை எடுத்ததில் தொண்டை இருட்டாக, அமைதியாக இருந்தது. எதுவும் இல்லை. நோய் எங்கும் இல்லை. சரோஜா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்தார். "இந்த ரெண்டு படத்தையும் ஒங்க பேர் இல்லாம மாணவர்களுக்குக் காட்ட ஆசப்படறேன். ஒங்க சம்மதம் வேணும். ஒங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே" என்று நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "நீங்க படிச்சுக் காட்டுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சரோஜாவைப் பார்த்தார். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். இங்கிலீஷில் படித்து வளர்ந்தவர். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வந்தது. ளகரம் லகரமானது, நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடினார், ஓட வேண்டிய இடத்தில் நின்றார். ஆனாலும் ஒரு வரியை விடவில்லை. சம்மதிக்காவிட்டாலும் சிகிச்சை தொடரும் என்ற வரிக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இன்னொரு முறை படித்தார். இருபத்தெட்டு வருடம் ஊருக்கெல்லாம் படித்துக் காட்டியவன் நான். எனக்கு ஒருவர் உட்கார்ந்து படித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியது. கையெழுத்துப் போட்டேன்.

படி இறங்கும்போது சரோஜா கேட்டாள், "எத்தினி தப்பு?"

"படிச்சதுல ஒம்பது. எழுதுனதுல நாலு."

"நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லல."

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லன்னு டாக்டரு நல்லாப் பாத்துத்தான் சொன்னாங்களா?" என்றாள். "எதுக்கும் நான் போயி இன்னொரு தடவ கேட்டுட்டு வந்துடறேன், இருங்க."